கோபுரம் இருக்க, கத்தரிக்கோலையா படமெடுப்பது?

சென்ற இதழில் இந்தப் பகுதியில் வாசகர்களுக்கு ஒரு சின்ன வேலை கொடுத்திருந்தேன். வீட்டில் கிடக்கும் ஏதாவது ஒரு கத்தரிக்கோலைப் படமெடுத்து, அதைப் பற்றி நினைவில் இருப்பதை நாலு வரி எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். படங்களைவிடக் கேள்விகள்தான் அதிகம் வந்திருக்கின்றன. ஒரு கடிதம் முழுக்கத் திட்டு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: தெற்குக் கோபுரம், நாயக்கர் மகால் தூண்கள், வண்டியூர்த் தெப்பக்குளம் என்று படமெடுக்க எவ்வளவோ இருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, கத்தரிக்கோலைப் படமெடுங்கள் என்கிறீர்களே! உங்களுக்கு வேறு வேலையே இல்லையா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்பரங்குன்றம்

இல்லை ஐயா. ஸ்டூடியோவை மூடி ஆறு வருடம் ஆகிறது.

கோபுரத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். லினேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1858ஆம் ஆண்டிலேயே மதுரைக்கு வந்து, காகித நெகட்டிவில் மீனாட்சி கோயிலையும் நாயக்கர் மகாலையும் கோயிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்தையும் எடுத்து முடித்துவிட்டார். அன்று முதல் கோபுரத்துக்குப் படமெடுக்க ஆள் குறைந்ததே இல்லை. உங்கள் வீட்டு அலமாரியில் கிடக்கும் கத்தரிக்கு உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

என் அப்பா அந்தப் புதுமண்டபத்தில்தான் தையல்காரர். டிரைப் எடுத்த அதே தூண்களில் ஒன்றில் முதுகைச் சாய்த்தபடி நாற்பது வருடம் மெஷின் மிதித்தார். கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிவிட்டன. அப்பா அதைப் பார்க்கவில்லை, நல்லவேளை. பங்குனி பாதியிலேயே அவருக்குச் சித்திரைத் திருவிழா வேலை ஆரம்பித்துவிடும். அழகருக்கு வேண்டிக்கொண்டு வேடம் போடுகிறவர்களுக்குச் சல்லடம், சட்டை, தலைக்கு உருமால். எல்லாம் வெல்வெட், ஓரத்தில் ஜரிகை. வெல்வெட்டை வெட்டுவது வாழைத்தண்டை வெட்டுவதைப் போல இல்லை. நாலு மடிப்புப் போட்டு வெட்டினால் கட்டைவிரலின் அடியில் தோல் உரியும்.

அதனால் பத்து அங்குலக் கத்தரியின் கட்டைவிரல் வளையத்தில் துணி சுற்றியிருப்பார். ஒவ்வொரு சித்திரைக்கும் புதுத் துணி. பழையதைப் பிரிக்க மாட்டார், அதன் மேலேயே சுற்றுவார். அவர் போன பிறகு ஒரு மத்தியானம் அதை நான் பிரித்தேன். மேலே அழுக்கேறிய சிவப்பு. அதற்குக் கீழே நீலம். பிறகு பச்சை, மறுபடி சிவப்பு, கறுப்பு. கருப்பணசாமி வேடக்காரர்கள் அதிகம் வந்த வருடமாக இருக்க வேண்டும். மொத்தம் பதினோரு சுற்று. கடைசியில் வந்த வளையம் உள்பக்கம் தேய்ந்து, ஒரு பக்கம் மட்டும் மெலிந்து, கண்ணாடிபோல் இருந்தது. ஒவ்வொரு சுற்றையும் பிரிக்கப் பிரிக்கப் படமெடுத்தேன். பிரித்திருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அந்தப் படங்களுக்கு ஈடாக நான் எடுத்த கோபுரப் படம் ஒன்றுகூட இல்லை ஐயா. அந்த வளையத்தைத்தான் எல்லாரையும் பார்க்கச் சொல்கிறேன். கத்தரியின் முகம் அலகில் இல்லை, கைபட்ட இடத்தில் இருக்கிறது.

கேள்வி: எவர்சில்வர் கத்தரியைப் போனில் எடுத்தால் வெள்ளை வெளேரென்று அடித்துக்கொண்டு போகிறது. நல்ல கேமராவும் போலரைசர் பில்டரும் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறான் நண்பன். வாங்கலாமா?
— கல்லூரி மாணவர், திருமங்கலம்

வேண்டாம் தம்பி. போலரைசர் தண்ணீரிலும் கண்ணாடியிலும் அடிக்கும் பளபளப்பைக் குறைக்கும். பூச்சில்லாத வெறும் உலோகம் அதற்கு அடங்காது. அந்தப் பணத்துக்கு நண்பனுக்கும் சேர்த்து ஜிகர்தண்டா வாங்கிக் கொடுங்கள், சொன்ன பாவத்துக்கு.

பளபளக்கும் உலோகம் ஒரு கண்ணாடி. அதற்கு எதிரே என்ன இருக்கிறதோ அதுதான் படத்தில் விழும். உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேல் அலகில் ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டை தெரிகிறது, மார்புக்கு நேரே போன். அது நீங்கள்தான். பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோடு, அது டியூப்லைட்.

டியூப்லைட்டை அணையுங்கள். ஜன்னல் ஓரத் தரையில் கத்தரியை வையுங்கள். ஜன்னலுக்குக் குறுக்கே அப்பாவின் வெள்ளை வேட்டி ஒன்றை ஒற்றை மடிப்பாகக் கட்டுங்கள். வெயில் வேட்டியில் பட்டுப் பரவி வரும்போது, அலகு முழுவதும் பால்போல் ஒரே சீராக இருக்கும். இப்போது பளபளப்புப் போய்விட்டது, ஆனால் கத்தரி மாவில் செய்ததுபோல் சப்பென்று ஆகிவிட்டதே என்பீர்கள். அதற்கு ஒரு கறுப்பு சார்ட் அட்டை. இரண்டு விரல் அகலத்தில் கீற்றாக வெட்டி, படத்துக்குள் வராதபடி அலகின் பக்கத்தில் நிறுத்துங்கள். அந்தக் கறுப்பு அலகின் விளிம்பில் ஒரு கோடாக விழும். மை தீட்டியதுபோல் கத்தரிக்கு உருவம் வந்துவிடும். எங்கள் காலத்தில் நகைக்கடைப் படங்களையே இப்படித்தான் எடுத்தோம். வேட்டி மட்டும் என்னுடையது, நகை செட்டியாருடையது.

இன்னொன்று. கத்தரியை மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். நல்ல கத்தரியின் இரண்டு அலகுகளும் ஒட்டிக்கொண்டிருக்காது. திருகாணிக்கு அருகே ஆரம்பித்து நுனி வரை நடுவில் மயிரிழை இடைவெளி தெரியும், நுனியில்தான் தொடும். ஒவ்வொரு அலகும் இம்மியளவு வில்லாக வளைக்கப்பட்டிருப்பதால் அப்படி. மூட மூட, இரண்டும் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் தொட்டு, அந்தப் புள்ளி நுனியை நோக்கி நகரும். அதுதான் வெட்டு. அந்த இடைவெளியில் வரும் வெளிச்சத்தைப் படமெடுத்து அனுப்புங்கள் பார்க்கலாம்.

கேள்வி: கத்தரியைச் சும்மா திறந்து மூடினால் வீட்டில் சண்டை வரும் என்பது உண்மையா?
— குடும்பத் தலைவி, ஆரப்பாளையம்

எங்கள் வீட்டில் திறக்காமலேயே வந்தது.

கேள்வி: என் மாமியாரிடம் துணி வெட்டும் கத்தரி ஒன்று இருக்கிறது. அதில் ஒரு நாள் கேலண்டர் தாளை வெட்டிவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. காகிதம் துணியைவிட மெல்லியதுதானே, அதில் என்ன கெட்டுவிடப் போகிறது? படத்தையும் அனுப்பியிருக்கிறேன், அவருக்குத் தெரியாமல்.
— வாசகி, மேலூர்

அம்மா, மாமியார் பக்கம்தான் நியாயம். காகிதம் வெறும் மரக்கூழ் இல்லை. வெண்மைக்கும் வழவழப்புக்கும் அதில் வெள்ளைக் களிமண், சுண்ணாம்புப் பொடி போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். கேலண்டர் தாள் என்றால் இன்னும் அதிகம். நீங்கள் வெட்டியது நைஸாக அரைத்த மண்ணை. கூர் மழுங்காமல் என்ன செய்யும்?

எனக்கும் இது பட்டுத் தெரிந்தது. நான்காம் வகுப்பு, ஜூன் மாதம், பள்ளி திறந்த வாரம். நோட்டுகளுக்கு அட்டை போட, பழுப்புத் தாளை அப்பாவின் கத்தரியால் வெட்டினேன். அவர் அடிக்கவில்லை. ஒரு துண்டு மல் துணியைத் தண்ணீரில் நனைத்து என் கையில் கொடுத்து, கத்தரியின் நுனியால் வெட்டச் சொன்னார். துணி வெட்டுப்படவில்லை. இரண்டு அலகுகளுக்கும் நடுவே மடங்கிக்கொண்டு, பல் போன கிழவர் வெற்றிலை மெல்லுவதுபோல் மாட்டிக்கொண்டு நின்றது. "இன்னொரு முறை வெட்டு" என்றார். மறுபடியும் அதேதான். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு சாணை பிடிப்பவரைத் தேடிப் போனார். அன்று அரை நாள் வேலை போயிற்று. அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

சாணை பிடித்துக் கொடுத்துவிட்டு, மாமியார் எதிரே அந்த ஈரத் துணிச் சோதனையைச் செய்து காட்டுங்கள். பேசிவிடுவார். திருகாணியில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசின்போல் இறுகிவிடும்.

படம் நன்றாக இருக்கிறது. அரிசி டப்பாவுக்குப் பின்னால் கத்தரி ஒளித்து வைக்கப்பட்டிருப்பது அதைவிட நன்றாக இருக்கிறது.

கேள்வி: முப்பத்தொரு வருடம் நர்ஸாக இருந்தேன். என் பழைய கத்தரியை யூனிபார்ம் பாக்கெட்டில் வைத்தபடி எடுத்து அனுப்பியிருக்கிறேன். கத்தரி மங்கலாக வந்துவிட்டது. மறுபடி எடுக்கட்டுமா?
— உசிலம்பட்டி

தொடவே தொடாதீர்கள் அம்மா. போனை மிக அருகே கொண்டுபோனதால் அது கத்தரியை விட்டுவிட்டுப் பாக்கெட் துணியைப் பிடித்துக்கொண்டது. கத்தரி தெளிவாக வேண்டுமென்றால் ஓர் அடி பின்னால் வந்து, இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுக்க வேண்டும். ஆனால் துணி தெளிவாக இருப்பதால்தான் பாக்கெட்டின் அடியில் இருக்கும் அந்தத் துருக்கறை தெரிகிறது. எத்தனை வெளுப்புப் போட்டும் போகாத கறை. கட்டுப் பிரிக்கும்போது தோலில் குத்தாமல் உள்ளே நுழையக் கீழ் அலகில் மொட்டையாக ஒரு குமிழ் இருக்குமே, கறையும் சரியாக அதே வடிவில் இருக்கிறது. இந்த மாதம் வந்த படங்களில் இதற்குத்தான் முதலிடம். பரிசு கொடுக்க இதழில் வசதி இல்லை, என் பாராட்டு மட்டும்.

கேள்வி: என் மகளுக்கு இடது கைப் பழக்கம். பள்ளியில் கத்தரி வேலை வந்தால் அழுகிறாள். எல்லாரும் அவளை மந்தம் என்கிறார்கள்.
— தாய், அலங்காநல்லூர்

கத்தரியைத்தான் குறை சொல்ல வேண்டும். சாதாரணக் கத்தரியை வலது கையால் மூடும்போது, கட்டைவிரல் வெளியே தள்ளும், மற்ற விரல்கள் உள்ளே இழுக்கும். நம்மை அறியாமலே அலகுகள் ஒன்றையொன்று நெருக்கும். இடது கையால் அதையே செய்தால் அலகுகள் விலகும், தாள் மடங்கிவிடும். போதாததற்கு மேல் அலகு கோட்டை மறைத்துக்கொள்ளும். கத்தரியைத் திருப்பிப் பிடித்தாலும் பயன் இல்லை, எப்படித் திருப்பினாலும் மேல் அலகு வலப்பக்கமே வரும். இடது கைக்கென்றே அலகு மாற்றிச் செய்த கத்தரி கிடைக்கிறது. பிடியின் வடிவத்தை மட்டும் மாற்றியிருக்கும் கத்தரி ஏமாற்று. அலகைப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கியதும் இரண்டு கத்தரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள். நெகட்டிவைப் புரட்டிப் போட்டுப் பிரிண்ட் எடுத்ததுபோல் இருக்கும். இருட்டறையில் அந்தத் தவற்றை நான் செய்து, ஒரு கல்யாண ஆல்பம் முழுவதும் மாப்பிள்ளை இடது கையால் தாலி கட்டியிருக்கிறார். மகளிடம் அதைச் சொல்லுங்கள், சிரிப்பாள்.

கேள்வி: தாத்தா விட்டுப்போன கத்தரியின் அலகில் என்னவோ பொறித்திருக்கிறது. படத்தில் தெரிய மாட்டேன் என்கிறது. 'மீரட்' என்று அப்பா சொல்கிறார்.
— வாசகர், வாடிப்பட்டி

அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்துப் பக்கவாட்டில் அடியுங்கள். பொறித்த பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து எழுந்து நிற்கும். கோயில் கல்வெட்டைப் படிக்கவும் இதே உபாயம்தான்.

அப்பா சொல்வது சரியாக இருக்கலாம். உத்தரப் பிரதேசத்து மீரட் கத்தரித் தொழிலுக்குப் பேர்போன ஊர். பழைய வண்டிகளிலிருந்து கழித்த இரும்பை அடித்து அலகு செய்வார்கள், பழைய பாத்திர உலோகத்தை உருக்கிப் பிடி வார்ப்பார்கள். தாத்தா வாங்கியதைப் பேரன் வைத்து வெட்டுவான் என்பது அந்த ஊர்ப் பேச்சு. உங்கள் வீட்டில் அப்படியே நடந்திருக்கிறது. 2013இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். நம் மதுரை மல்லிக்கும் அதே வருடம்தான். ஒன்று ஒரு பொழுதில் வாடும், இன்னொன்று மூன்று தலைமுறை தாங்கும்.

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளுக்குப் புகைப்படம் பழக்க ஆசை. கேமராவும் இல்லை, போன் கொண்டுவரவும் அனுமதி இல்லை. ஏதாவது வழி உண்டா?
— ஆசிரியை, செக்கானூரணி

வெயில் இருக்கிறதே, போதும். சயனோடைப் என்று ஒரு பழைய முறை. ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1842இல் கண்டுபிடித்தது. ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்ற இரண்டு உப்புகளையும் தனித்தனியே தண்ணீரில் கரைத்து, பிறகு கலந்து, இருட்டறையில் தடித்த தாளில் பூசிக் காயவிட வேண்டும். பூசும் வேலையைக் கையுறை போட்டுக்கொண்டு நீங்களே செய்யுங்கள், பிள்ளைகளிடம் விடாதீர்கள். காய்ந்த தாளில் கத்தரியை வைத்து, பள்ளி மைதானத்து வெயிலில் ஐந்து பத்து நிமிடம். மஞ்சள் பச்சையாக இருந்த தாள் சாம்பல் நிறத்துக்குப் போனதும் எடுத்து, மஞ்சள் கரைந்து போகும் வரை தண்ணீரில் அலசுங்கள். கத்தரி இருந்த இடம் வெள்ளை, சுற்றிலும் நீலம்.

கத்தரியைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் உண்டு. தட்டையான அலகு தாளோடு ஒட்டியிருக்கும், அதன் ஓரம் கத்திபோல் விழும். திருகாணிப் பக்கமும் வளையங்களும் சற்றே தூக்கி நிற்பதால் அங்கே ஓரம் புகைபோல் மங்கும். நிழல் எப்படி விழுகிறது என்று கரும்பலகையில் ஒரு மணி நேரம் சொல்வதை அந்த ஒரு தாள் சொல்லிவிடும்.

கேள்வி: அம்மாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய குடும்பப் படம் கிடைத்தது. அதில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்ற ஒருவரை யாரோ கத்தரித்து எடுத்திருக்கிறார்கள். ஆள் இல்லை, ஆனால் அவருடைய கை மட்டும் அம்மாவின் தோளில் இருக்கிறது. அம்மா இப்போது இல்லை. கேட்டால் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். கம்ப்யூட்டரில் அந்த இடத்தை நிரப்பித் தருவதாக ஒரு தம்பி சொல்கிறார். செய்யலாமா?
— பெயர் வேண்டாம், சோழவந்தான்

அந்தத் தம்பியிடம் கொடுக்காதீர்கள் அம்மா. அவர் அங்கே ஒரு சுவரையும் திரையையும் வரைந்து கொடுப்பார். கையையும் சேர்த்து அழித்துவிடுவார்.

முதலில், படத்தின் கீழே ஒரு கறுப்புத் தாளை வைத்து அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். பிறகு அந்தக் கையை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். மோதிரம், வளையல், கடிகாரம், பச்சை குத்திய அடையாளம், எது இருந்தாலும் ஊரில் மூத்த பெண்கள் யாராவது அடையாளம் சொல்வார்கள். ஆளைப் பற்றிப் பேச மறுப்பவர்கள்கூட நகையைப் பற்றிப் பேசுவார்கள். அதற்குப் பிறகு படத்தைத் திருப்புங்கள். பின்பக்கம் ஸ்டூடியோவின் ரப்பர் ஸ்டாம்பும், பென்சிலில் ஓர் எண்ணும் இருக்கிறதா? அது நெகட்டிவ் எண். அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் மறுபிரிண்ட் கேட்டு வருவார்கள் என்று நெகட்டிவ்களை வருடக்கணக்கில் உறை போட்டு வைத்திருப்போம். வீட்டில் வெட்டியது பிரிண்டை மட்டும்தான்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு படம் இருந்தது. 1968இல் எடுத்தது. அப்பாவும் பெரியப்பாவும் நிற்கிறார்கள். தாத்தாவின் ஒரே ஒரு தையல் மெஷின் யாருக்கு என்பதில் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. அப்பா ஒரு ராத்திரி அந்தப் படத்திலிருந்து பெரியப்பாவை வெட்டினார். நான் பாயில் படுத்துக்கொண்டு பார்த்தேன். ஆத்திரத்தில் வெட்டியதுபோலவே இல்லை. சட்டைக்குக் கைக்குழி வெட்டும் அதே வளைவு. பெரியப்பாவின் விரல்கள் அப்பாவின் தோளில் இருந்தன. அந்த விரல்களைச் சுற்றி வெட்டாமல் விட்டார். அவற்றை எடுத்தால் தன் சட்டையின் தோள்பட்டையும் போய்விடும், அந்தச் சட்டை அவரே தைத்தது.

பதினாறு வயதில் நான் மேலமாசி வீதியில் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். அந்தப் படம் எடுத்த ஸ்டூடியோ அதுதான் என்பது சேர்ந்த பிறகுதான் தெரியும். வீட்டுப் படத்தின் பின்னால் இருந்த எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போய், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெட்டி பெட்டியாகத் தேடினேன். மூன்றாம் நாள் கிடைத்தது. முதலாளிக்குத் தெரியாமல் ஒரு பிரிண்ட் போட்டேன். டிரேயில் தாள் ஊறும்போது அப்பாவுக்கு முன்னால் பெரியப்பாதான் வந்தார், அவர் சட்டை கறுப்பு.

ராத்திரி அப்பா சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் படத்தை மெஷின் பலகையில் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அடிப்பாரோ என்று நான் வாசல் பக்கம் நகர்ந்து நின்றேன். அவர் கத்தரியை எடுத்தார். நுனியால் பெரியப்பாவின் கழுத்தருகே தொட்டுக் காட்டினார்.

"இந்தக் காலரும் நான் வெட்டியதுதான். இடது பக்கம் கால் அங்குலம் ஏறிவிட்டது பார். அன்றைக்கே சொன்னான், நான்தான் ஒப்புக்கொள்ளவில்லை" என்றார்.

உங்கள் படத்தின் பின்னால் எண் இருந்தால் எனக்கு எழுதுங்கள் அம்மா. இந்த ஊரில் எந்த ஸ்டூடியோவின் பெட்டிகள் இப்போது யார் வீட்டுப் பரணில் கிடக்கின்றன என்று எனக்குத் தெரியும்.